ஆம்பூரில் தோணிக்கு அளவெடுத்த கதை

1997 ஆகஸ்டு கடைசி, செவ்வாய்க்கிழமை. தூத்துக்குடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து காலை ஏழு மணிக்கு வேலூரில் இறங்கினேன். தோளில் கோணிப்பை. அதற்குள் இரண்டடி நீளக் கருவேல மரத்துண்டு. ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் பதினொரு ரூபாய்.

கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, கலப்பையா?"

"கப்பல்" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

பொய்யில்லை. என் மச்சான் கட்டிய சரக்குத் தோணி, மாலத்தீவுக்கு உப்பும் கூரை ஓடும் ஏற்றிப்போகக் காத்திருந்தது. பாயைத் தாங்கும் கட்டையின் நுனியில், பாய்மரத்தைக் கவ்விப் பிடிக்க இரண்டு வளைந்த கைகள் உண்டு. அவற்றுக்குத் தோலுறை போடாவிட்டால் மரமும் மரமும் உரசி, பாய்மரமே தேய்ந்து முறிந்துபோகும். ஊரில் தைத்த உறையெல்லாம் வளைவில் சுருங்கிக் கிழிந்தது. வெள்ளிக்கிழமை வெள்ளோட்டம்.

"ரெண்டு கையையும் கொண்டு போங்க மாப்ள" என்றார் மச்சான். நான் பள்ளிக்கூட வாத்தியார், யார் பேச்சைக் கேட்டேன்? ஒன்று போதும், இன்னொன்றும் இதே மாதிரிதானே என்று கிளம்பிவிட்டேன்.

ஒன்பதரை மணிக்குக் கரீம் பாயின் ஷூ பட்டறை. தெரு முழுக்கத் தோல் வாசனை. அடி அட்டைக்கு வாங்கிய தடித்த எருமைத்தோலில் சரியாக இரண்டு துண்டுதான் மிச்சம் என்றார் கரீம் பாய். "பாய்மரத்தை ரெண்டு பக்கமும் கவ்வுற கைக்கு உறை. இதேபோல ரெண்டு வேணும்" என்று மரத்தை மேசையில் வைத்தேன்.

ஷூவுக்கு மாதிரி வெட்டும் ஸ்டெல்லா அதைத் தடவிப் பார்த்தார். "பெரிய கால்தான் சார்" என்று சிரித்தபடி மரம் முழுக்கக் காகித டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் கீறி உரித்தார். வளைந்த மரத்தின் மேல்தோல் அட்டையில் தட்டையாகப் படுத்தது. எங்கள் ஊர் ஆசாரிகள் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். நான் தட்டினேன்.

பிரியாணி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பினேன். முதல் உறை மரத்தில் கையுறை போல ஏறியது. இரண்டாவது ஏறவே இல்லை. வளைவு எதிர்ப்பக்கம்! தோலும் தீர்ந்துவிட்டது.

"ஒரே மாதிரி ரெண்டுன்னுதானே சொன்னேன்? குட்டிச்சுவராக்கிட்டியேம்மா!" என்று கத்தினேன்.

ஸ்டெல்லா அசரவில்லை. "சார், அந்தத் தூணை ரெண்டு கையாலயும் புடிங்க."

பிடித்தேன். என் வலக்கை ஒருபக்கம் வளைந்திருந்தது, இடக்கை மறுபக்கம். பட்டறையே கொல்லென்று சிரித்தது. வெட்கம் பிடுங்கித் தின்றாலும் நானும் சிரித்தேன்.

"லெஃப்ட் வெட்டினா அடுத்தது தானா ரைட்டுதான் வரும் சார். நாங்க ஒத்தைக் கால் ஷூ பண்றதில்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை தோணியின் பாய் காற்றில் விரிந்தது. கட்டை பாய்மரத்தைச் சுற்றித் திரும்பியபோது ஒரு முனகல்கூட இல்லை. "வாத்தியார் மூளைன்னா சும்மாவா!" என்று மச்சான் எல்லார் முன்னாலும் என் முதுகில் அறைந்தார். அப்படியே விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"நான் தப்பாத்தான் கேட்டேன் மச்சான். ஆம்பூர்ல ஒரு பொண்ணு சரியா வெட்டிக் குடுத்துட்டா."

சுக்கானைப் பிடித்தபடியே அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தோணி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தப்பை ஒப்புக்கொண்டதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.