தவிட்டுக்கு வாங்கிய அத்தை

செஞ்சிக்கு ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் கோட்டைக்குப் போவார்கள். மலை ஏறுவார்கள், கல்லைத் தொட்டுப் பார்ப்பார்கள், வெயிலில் கறுத்த முகத்தோடு இறங்கி வந்து பஸ் ஸ்டாண்டில் மோர் குடித்துவிட்டு ஊர்ப்பக்கம் போய்விடுவார்கள். கடைத்தெருவில் இருக்கும் எங்களை யாரும் ஆராய்ந்ததில்லை. ஆகவே எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஓர் அம்மாள், கோட்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக எங்கள் பாத்திரக் கடைக்கு வந்து, "உங்க குலதெய்வம் எது?" என்று கேட்டதும் சித்தப்பா உஷாராகிவிட்டார்.

சித்தப்பா உஷாராவது புதிதில்லை. பால்காரர், கரண்ட் கணக்கு எடுக்க வருகிறவர், டிவியில் செய்தி வாசிப்பவர் என்று பாரபட்சமில்லாமல் எல்லோரையும் சந்தேகப்படுவார். ஆனால் இந்த முறை நைனாவும் அம்மாவும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். கைத்தறிப் புடவை, கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை, கையில் தடியான நோட்டு. செஞ்சிப் பக்கத்தில் வெவ்வேறு மதத்துக்காரர்கள் எப்படிக் கலந்து பழகுகிறார்கள், யார் எந்தச் சாமிக்கு வேண்டிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னார். எந்த ஊர்களில் பெண் எடுப்பீர்கள், யார் வீட்டில் கை நனைப்பீர்கள், தர்காவுக்குப் போவீர்களா, வீட்டில் பழைய வேண்டுதல் ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நைனா எல்லாவற்றுக்கும் பாதி பதில் சொன்னார். அந்த அம்மாள் போனபிறகு சித்தப்பா கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"ஆராய்ச்சியாம். அவ்ளோ பெரிய கோட்டை இருக்குது, அத்த வுட்டுட்டு நம்மள எதுக்கு ஆராயணும்? இவங்க திண்டிவனத்து ஆளு. பொண்ண விசாரிக்க அனுப்பிக்கிறாங்க. திண்டிவனம் பஸ்ல இருந்துதான் எறங்குச்சு, நானே பாத்தேன்."

சென்னையிலிருந்து வருகிற முக்கால்வாசிப் பேர் திண்டிவனம் பஸ்ஸில்தான் வருவார்கள் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. நைனாவின் தங்கையான என் அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தவர்கள் திண்டிவனத்துக்காரர்கள். அரிசி மண்டி, நல்ல குடும்பம், மாப்பிள்ளைக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. "சொல்லி அனுப்பறோம்" என்று கிளம்பிப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தப் பத்து நாளுக்கு அர்த்தம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் யாரையாவது அனுப்பி மளிகைக் கடையிலும் பூக்காரியிடமும் பெண் வீட்டைப் பற்றித் துருவுவார்கள். என்ன சாமி, யாரோடு போக்குவரத்து, வீட்டில் ஒளித்து வைத்திருப்பது ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். அந்த அம்மாள் கேட்ட கேள்விகளும் அவைதான், ஒன்றுகூட மாறவில்லை.

எங்கள் வீட்டில் ஒளிக்க ஒரு விஷயம் இருந்தது. அது அத்தையேதான்.

நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் பிறகு வீட்டில் பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் நாற்பது நாள் தாண்டவில்லை. அடுத்துப் பிறந்தது அத்தை. இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று குழந்தையை அடுத்த வீட்டு மெத்தைக்கடை பாயின் மனைவிக்கு விற்றுவிட்டார்கள். விலை ஒரு படி தவிடு. அவர் தவிட்டைக் கொட்டிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு, தர்காவில் ஓதிவந்த கயிற்றைக் கட்டி, பக்கிரி என்று பெயர் வைத்தாராம். இது எங்கள் குழந்தை இல்லை, விலை போகாத குழந்தை, யாரோ ஒருவருடையது என்று சாவு ஏமாந்து போய்விடும் என்பது கணக்கு. சாவு ஏமாந்ததோ என்னவோ, அத்தை பிழைத்துக்கொண்டார்.

வளர்த்தது எங்கள் வீடு. ஆனால் முறைப்படி அவர் மெத்தைக்கடை வீட்டுப் பெண். ரம்ஜானுக்குப் புதுத்துணி அங்கிருந்து வரும். கல்யாணத்துக்கு முன்னால் தவிட்டையும் ஒரு புடவையையும் கொடுத்து, "எங்க பொண்ணத் திருப்பிக் குடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெண்ணுக்கு மஞ்சள் பூசலாம். நான் பிறப்பதற்கு முன்பே அத்தையைப் பெற்றவர்கள் இருவரும் போய்விட்டார்கள். தவிட்டுக்கு வாங்கிய அந்தப் பெண்மணியைத் தெருவே மெத்தைக்கடை அம்மா என்று கூப்பிட, அத்தை மட்டும் வெறும் அம்மா என்று கூப்பிடுவார். நான் வாசலைக் கடக்கும்போது மெத்தைக்கடை அம்மா என்னைப் பிடித்து வாயில் எதையாவது திணிக்காமல் விடமாட்டார். பஞ்சுத் தூசியும் ஏலக்காயும் கலந்த அந்தக் கையின் வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முந்தின வருடம் ஆரணியிலிருந்து வந்த சம்பந்தம் நிச்சயதார்த்தம் வரை வந்து நின்றுபோனது. காரணம் சொல்லவில்லை. பாய் வீட்டுப் பெண் என்று யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று சித்தப்பா கண்டுபிடித்தார். அந்தப் பையனுக்கு வேறொரு பெண்மேல் விருப்பம் இருந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் சித்தப்பாவின் கண்டுபிடிப்பு வீட்டில் சட்டமாகிவிட்டது. அத்தைக்கு அப்போது இருபத்தாறு வயது. இந்த இடமும் தவறினால் அடுத்தது எப்போது என்று அம்மா சமையலறையில் தனக்குத்தானே பேசிக்கொள்வார்.

ஆகவே ஏற்பாடுகள் நடந்தன. ரம்ஜான் சுடிதார்கள் பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் போயின. தர்கா கயிறு கழற்றப்பட்டது. அந்த அம்மாள் ஊரைவிட்டுப் போகும்வரை அத்தை பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது என்று முடிவானது.

"ஒரு வார்த்த சொல்லிட்டாவது வரேன் அண்ணி. காரணம் தெரியாம அம்மா தேடுவாங்க" என்றார் அத்தை.

"நாலு நாள்தான? அப்பறமா நானே சொல்லிக்கிறேன்" என்றார் அம்மா.

யாரும் சொல்லவில்லை. கொல்லைப்பக்கம் மெத்தைக்கடை அம்மா இரண்டு மூன்று தடவை மதிலோரம் வந்து நின்று எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். ஒருமுறை கூப்பிடக்கூடச் செய்தார். அத்தை உள்ளே அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். கல்லையும் அரிசியையும் சேர்த்தே முறத்திலிருந்து தள்ளினார்.

எனக்கும் பாடம் சொல்லித் தரப்பட்டது. யாராவது கேட்டால், "அவங்க கிட்ட மெத்த வாங்குவோம், அவ்ளோதான்" என்று சொல்ல வேண்டும். சித்தப்பா மூன்று முறை ஒப்பிக்கச் சொன்னார்.

அந்த நாட்களில் கடைத்தெரு முழுக்க நடந்தது ஒரு தனிக்கூத்து. சித்தப்பா எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவைத்திருந்தார். அந்த அம்மாள் மளிகைக் கடைக்காரரிடம் திரௌபதி அம்மன் திருவிழாவைப் பற்றிக் கேட்டால், "பாத்திரக்கடை வூட்டுப் பொண்ணா? தங்கமான பொண்ணும்மா, தல நிமிந்து நடக்காது" என்று பதில் வந்தது. பூக்காரியிடம் சந்தனக்கூடு ஊர்வலம் எந்த வழியாகப் போகும் என்று கேட்டதற்கு, அத்தைக்கு வத்தக்குழம்பு நன்றாக வைக்க வரும் என்று தெரிந்தது. அந்த அம்மாள் முகத்தில் குழப்பம் கூடிக்கொண்டே போனது. சித்தப்பா அதையும் நடிப்பு என்றார்.

நாலாம் நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். மெத்தைக் கடை வாசலில் அந்த ஆராய்ச்சி அம்மாள் நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

"பாப்பா, இந்த ஊர்ல குழந்தையைத் தவிட்டுக்கு விக்கிற பழக்கம் உண்டுன்னு ஒருத்தர் சொன்னாங்க. உனக்குத் தெரியுமா? இந்த வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் ஏதாவது உறவு உண்டா?"

"ஒண்ணுமில்ல. மெத்த வாங்குவோம், அவ்ளோதான்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் பேனா நகராமல் நின்றது. என்னை நம்பவில்லை என்று எனக்குப் பட்டது. நான் சித்தப்பாவின் அண்ணன் மகள். பொய் சொல்வதென்றால் உருப்படியாகச் சொல்ல வேண்டும் என்ற ரோஷம் வந்துவிட்டது.

"அவங்க வூட்ல நாங்க தண்ணிகூட குடிக்க மாட்டோம்" என்றேன்.

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் சொந்தச் சரக்கு. பேனா நகர்ந்தது, எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதுதான் கடைக்குள்ளே, மெத்தை உறைக் குவியலுக்குப் பின்னால், நீளமான ஊசியோடு மெத்தைக்கடை அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"கொழந்த சொல்றது சரிதாம்மா. அவங்க ஆசாரமானவங்க" என்றார்.

"அவங்க வீட்டுப் பொண்ணு இங்க வருவாங்களா?"

"அது அவங்க வூட்டுப் பொண்ணு. இங்க எதுக்கு வருது? எனக்கும் அதுக்கும் ஒண்ணுமில்ல."

அதுவும் எழுதப்பட்டது. நான் வீட்டுக்கு ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன். மெத்தைக்கடை அம்மாவும் எங்கள் பக்கம் சேர்ந்து சாமர்த்தியமாகப் பொய் சொன்னார் என்றும் சொன்னேன். சித்தப்பா என் முதுகில் தட்டினார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றார். அத்தை கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

அடுத்த வாரம் திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவே வந்தார். காபி குடித்து முடிந்ததும் சித்தப்பா கண்ணைச் சிமிட்டாத குறையாக ஆரம்பித்தார்.

"உங்க ஆளு வந்து எல்லாம் விசாரிச்சிக்கினு போனாங்களே. திருப்திதான?"

"எந்த ஆளு? நான் யாரையும் அனுப்பலியே. இந்தக் கடைத்தெருவுல எனக்குத் தெரியாதவங்க யாரு, நான் எதுக்கு ஆள் வச்சி விசாரிக்கப் போறேன்?"

அந்த அம்மாள் சொன்னதெல்லாம் உண்மை என்று அந்தக் கணத்தில் எல்லோருக்கும் விளங்கியது. சித்தப்பா மட்டும், "அப்ப இன்கம்டாக்ஸ்" என்று முணுமுணுத்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "பொண்ணு தவிட்டுக்கு வாங்குனதாமே. வாங்குன வூட்ல திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

நைனா டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க அண்ணன் பேரு மஸ்தான். அவரும் இப்பிடித்தான். அதனால முறை எங்களுக்குத் தெரியும். வாங்குனவங்க கையால குடுக்காம பொண்ணக் கூட்டிக்கினு போனா, அது இன்னொருத்தர் பொண்ணத் தூக்கிக்கினு போற மாதிரி. அத்த முடிச்சிட்டு சொல்லுங்க, தேதி வச்சிக்கலாம்."

மறுநாள் காலை கடையிலேயே பெரிய பித்தளைத் தாம்பாளமாகப் பார்த்து எடுத்து, ஒரு படி தவிடு, பட்டுப்புடவை, வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் வைத்து நைனா முன்னால் நடந்தார். அம்மாவும் அத்தையும் நானும் பின்னால் போனோம். பத்தடி தூரம்தான். நைனாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

மெத்தைக்கடை அம்மா தைப்பதை நிறுத்தவில்லை.

"நான்தான் சொல்லிட்டேனே தம்பி, எனக்கும் அதுக்கும் ஒண்ணுமில்லன்னு. அந்தப் பொண்ணு எழுதிக்கினுகூட போச்சே" என்றார். பிறகு ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். "அன்னிக்குப் பொய்யா குடுத்தேன். இன்னிக்கு நெசமா குடுக்கணும். ஒரே பொண்ண ஒருத்தி எத்தினி வாட்டி குடுப்பா?"

நைனா தப்பு எங்கள்மேல்தான் என்றார். ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று அம்மா அழுதார். அத்தை போய் மெத்தைக்கடை அம்மாவின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார். அவர் அந்தத் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாம் எடுத்து முடித்ததும் எழுந்து கை கழுவி வந்து, அத்தையின் கையைப் பிடித்து அம்மாவின் கையில் வைத்தார். தவிட்டை முந்தானையில் வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார், கடையில் இருந்ததிலேயே நல்ல மெத்தை ஒன்றைச் சீராக அனுப்பினார். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த அம்மாள் எழுதியது புத்தகமாக வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போதும் எங்காவது "இப்பகுதி மக்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்பதில்லை" என்று படித்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும், இதை எந்த ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னதோ என்று. செஞ்சியைப் பற்றியதாக இருந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன்.

கல்யாணம் முடிந்து எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். மெத்தைக்கடை அம்மா வாசலில் என்னைக் கண்டால் முன்போலவே கூப்பிடுவார். நோன்புக் கஞ்சியோ, அதிரசமோ, வெறும் தண்ணீரோ எதுவானாலும் தட்டிலும் டம்ளரிலும் எடுத்து வருவார். ஆனால் கொடுப்பதற்கு முன், "வூட்ல கேட்டுட்டு வந்தியா பாப்பா?" என்று கேட்பார். அதற்கு முன்பு ஒருநாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை. நான் வளர்ந்துவிட்டேன், அதனால் பெரிய மனுஷியைப் போல நடத்துகிறார் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு ஓடி அம்மாவைக் கேட்டுவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "கேட்டுட்டேன், சாப்டச் சொல்லிட்டாங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுவேன்.