அம்பூரிக்குச் சாரோடு போன சனிக்கிழமை

சனிக்கிழமை முழுவதும் வெயிலில் அலைந்த களைப்பு இன்னும் தீரவில்லை. ஆனாலும் எங்களைப் போல வீடு வீடாகப் போய் மாணவர்களிடம் கருத்துக் கேட்க யாராவது கிளம்புவீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

பாறசாலைப் பக்கம் இருக்கிறது எங்கள் கல்லூரி. பாடம் நடத்தும் விதத்தை ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்தே சரிசெய்கிற ஒரு ஏற்பாடு அங்கே உண்டு. நான் மூன்றாம் ஆண்டு இயற்பியல். ஜெயராஜ் சாரின் முதலாம் ஆண்டு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதே வகுப்பில் படிக்கும் அஜினும் இந்தக் கூட்டில் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் மூவரும் உட்கார்ந்து பேசுவோம். அங்கே பேசுவது வெளியே போகக்கூடாது என்பதுதான் ஒரே விதி.

முதல் கூட்டத்திலேயே அஜின் போட்டு உடைத்துவிட்டான். "சாரே, கணக்குல பாதிய நீங்க மனசுக்குள்ளயே போட்டுட்டு விடைய மட்டும் போர்டுல எழுதுதீங்க. எங்களுக்கு ஒண்ணும் மனசிலாவல்ல." நானும் அதே சாரிடம் படித்தவள்தான், இதைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. சார் கோபப்படவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு படியாக எழுத ஆரம்பித்தார், வகுப்பும் மெல்ல நிமிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் மற்ற பிள்ளைகளின் வீட்டுக்கும் போய்க் கேட்கலாம், வீட்டில் வைத்து மனம்விட்டுப் பேசுவார்கள் என்று கிளம்பினார். எனக்கு இஷ்டமே இல்லை. இருந்தாலும் சார் உற்சாகத்தில் இருக்கும்போது யார் தடுக்க முடியும்?

காலை எட்டு மணிக்கு நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டிலிருந்து பூவாறு பஸ். திருப்புறத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே ஒரு முதலாமாண்டு மாணவியின் வீடு. அவளுடைய அப்பா, அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், சாரைப் பார்த்ததும் உள்ளே ஓடிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "சாரே, பிள்ளை வல்ல குற்றமும் செய்துட்டாளா?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் ஊரில் ஆசிரியர் வீடு தேடி வந்தால் பிள்ளை ஏதோ தப்பு செய்திருக்கிறது என்று ஒரே அர்த்தம்தான். மகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சார் எதைக் கேட்டாலும் "நல்லா உண்டு சார்" என்றாள். சாயாவும் ஏத்தங்காய் உப்பேரியும், அதாவது நேந்திரங்காய் வறுவலும், கிடைத்தன. வேறொன்றும் கிடைக்கவில்லை.

திரும்பவும் நெய்யாற்றின்கரை வந்து வெள்ளறடை பஸ்ஸைப் பிடித்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே பயணம். வெள்ளறடையிலிருந்து அஜினின் ஊரான அம்பூரிக்கு அடிக்கடி பஸ் கிடையாது என்பதால் ஆட்டோ பிடித்தோம். இருநூற்றைம்பது ரூபாய், பேரம் படியவில்லை. அஜின் வீடு என்றதும் ஆட்டோக்காரரும் திரும்பிப் பார்த்தார். "எந்தா சாரே, அந்தப் பையன் பிரச்சினை வல்லதும் உண்டாக்கினானா?"

"ஐயோ, நல்ல பையன். பாராட்டத்தான் போறோம்" என்றார் சார். 

ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏற்றத்தில் வீடு. அஜின் வாசலிலேயே நின்றான். அஜினின் அம்மா அவித்த மரச்சீனிக் கிழங்கும் தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் கொண்டுவந்து வைத்தார். சார் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, மனசார, பெருமையாகச் சொன்னார்: "உங்க மகன் தைரியசாலி. நான் நடத்துறது புரியலைன்னு என் முகத்துக்கு நேரா சொன்னவன் இவன் ஒருத்தன்தான்."

அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "எலே, படிப்பிக்குத சாருக்கெ முகத்த பாத்து நீ அப்படிச் சொன்னியா? உன்ன படிக்க விட்டது இதுக்காக்கும்? கேளு, இப்பம் மன்னிப்பு கேளு!"

சார் பதறிப்போய், வேண்டாம் வேண்டாம் என்று எழுந்தார். அவர் எவ்வளவு தடுத்தாரோ அவ்வளவுக்கு அந்த அம்மா கூனிக் குறுகினார். அஜின் கைகட்டி நின்று, "தெரியாம சொல்லிட்டேன் சார்" என்றான். சொல்லும்போது அவன் பார்த்தது என்னை, வெள்ளிக்கிழமை விதி என்ன ஆயிற்று என்று கேட்பதுபோல.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தும் இருவருக்கும் தூக்கம் வரவில்லை. காரக்கோணம் தாண்டியபிறகு சார் கேட்டார். "லிஜி, நான் சொன்னது தப்பாயிட்டோ?"

அவரோடு கூட்டாளியாக இருந்த இத்தனை நாளில் ஒருமுறைகூட அவரை மறுத்துப் பேசியதில்லை. அன்றைக்கு இருந்த அலுப்பில் வந்துவிட்டது. "ஆமா சார். உங்களுக்கு அது பெருமை. அவனுக்கெ அம்மைக்கு மானக்கேடு. இனி அவன் வாய் திறக்கமாட்டான்."

 எனக்கு அவர்மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அம்பூரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்குப் பிறகு ஏற்றம் ஏற முடியாது. திருப்புறத்தையும் அம்பூரியையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். ஒன்று கடற்கரைப் பக்கம், இன்னொன்று மலைப் பக்கம். சாப்பிட ஒன்றும் கொண்டுபோக வேண்டாம், போகிற வீட்டிலெல்லாம் தருவார்கள். ஆனால் கருத்துக் கேட்கத்தான் போகிறீர்கள் என்றால் வீட்டுப் படியேறவே வேண்டாம். வீட்டில் அவன் மகன். பஸ் ஸ்டாப்பிலோ கேன்டீனிலோ வைத்துக் கேளுங்கள், ஆசிரியரைக் கூட்டிப் போகாமல்.

திங்கட்கிழமை முதல் மணி வகுப்பு. சாருக்கும் களைப்பாக இருந்திருக்க வேண்டும். கணக்கின் நடுவில் நாலு படிகளை விழுங்கிவிட்டு விடைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் குனிந்து அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் அஜினைப் பார்த்தேன். அவனும் எழுதிக்கொண்டிருந்தான்.

கடைசி பெஞ்சிலிருந்து நான் எழுந்தேன். அந்தப் பாடத்தில் நான் எப்போதோ பாஸாகிவிட்டேன் என்பது வகுப்புக்கே தெரியும். "சார், அந்த ரெண்டு வரிக்கும் நடுவுல என்ன நடந்ததுன்னு எனக்கு மனசிலாவல்ல."

வகுப்பு மொத்தமும் திரும்பியது.  சார் டஸ்டரை எடுத்து விடையை அழித்தார்.

அஜின் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து போர்டைப் பார்த்தான். அன்றைக்கு அவன் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.