மகளின் இடது கண்

அனைத்துலகப் போட்டியில், பெண்கள் தனிநபர் வில்வித்தையில் என் மகளும் எதிராளியும் சமநிலையில் இருந்தார்கள். இனி ஆளுக்கு ஒரே அம்பு. மையத்துக்கு அருகில் எய்பவருக்கே வெற்றி. மாசாய் நகரில் உள்ள எங்கள் வீட்டில் நானும் மனைவியும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

மகள் வலக்கையால் நாணை இழுத்தாள். இடக்கண்ணைக் கறுப்பு மறைப்பு மூடியிருந்தது. இலக்கின் மேல் காற்றைக் காட்ட வைத்த சிறு கொடி அசையாமல் தொங்கியது.

அவள் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உள்ளவள். இடக்கையால் சோறு அள்ளினால், விருந்தாளிகள் முன் மானம் போகிறதென்று அந்தக் கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டியவன் நான். வலக்கைக்கு மாறினாள். பிற்பாடு பயிற்சியாளர், குறி பார்ப்பது அவளுடைய இடக்கண்தான், இடக்கையால் இழுப்பதே நல்லது என்றார். முயன்றாள், அந்தக் கை பழகவே இல்லை. அதனால்தான் அந்தக் கண்ணுக்கு மறைப்பு.

"புடிச்சிக்கிட்டே நிக்கிறாளே, விடச் சொல்லுங்க!" என்றாள் மனைவி, நான் சொன்னால் அங்கே கேட்கும் என்பதுபோல.

அம்பு எட்டுப் புள்ளி வளையத்தில் பாய்ந்தது. எதிராளிக்கு ஒன்பது.

மாலையில் மகள் அழைத்தாள்.

"காத்துப்பா. என்ன செய்ய முடியும் லா."

"ஆமாம்மா, காத்துதான்" என்றேன்.