பெயர் உள்ளவர் அறையில் இருக்கக் கூடாது

இது நடந்தது. கதை கட்டும் சாமர்த்தியம் எனக்குக் கொஞ்சம் உண்டு; இதை என்னிடம் சொன்ன வக்கீலம்மாவுக்குச் சுத்தமாகக் கிடையாது. வீட்டுச் சுவரில் பல்லியைப் பார்த்தால்கூட, ‘உனக்கு இங்கே என்ன பாத்தியதை?’ என்று கேட்கிற ரகம். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், “சாட்சி இருக்கா?” என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார். அப்படிப்பட்டவர் பட்டப்பகலில், பக்கத்தில் இரண்டு ஆண்கள் நிற்கும்போது பார்த்தது இது. அவருடைய குமாஸ்தாவிடமும் நான் தனியாக விசாரித்தேன். இரண்டு பேர் சொன்னதிலும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அது என்ன என்பது போகப் போகத் தெரியும்.

தொற்று உச்சத்தில் இருந்த மாதங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்புவாரா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத நேரம். சாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே ‘முதல்ல வாயக் கழுவு’ என்று சீறுகிற ஆட்கள் எல்லாம் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு, “ஒரு உயில் எழுதணும், இன்னிக்கே முடியுமா?” என்று கெஞ்சினார்கள்.

ஆபீஸைப் பூட்டியாயிற்று. வேலையெல்லாம் காரில்தான். பின்சீட்டில் மடக்கு மேஜை, டிக்கியில் காகிதக் கட்டும் ஒரு பெட்டி நிறையப் பேனாவும். ஒரு பேனா ஒருவருக்குத்தான். கையெழுத்துப் போட்டவரே அதை வைத்துக்கொள்ள வேண்டியது. ஜன்னலுக்கு உள்ளே நோயாளி, வெளியே வக்கீலம்மாவும் இரண்டு சாட்சிகளும். பேச்சு போனில். காகிதம் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே போய் வெளியே வரும். சாட்சிகள் கண்ணாடி வழியாகக் கையெழுத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

“ஆள் இருக்கிற வரைக்கும் பவர் பத்திரம் பேசும், போனப்புறம் உயில் பேசும். நடுவுல கத்திக் கத்தி நம்ம தொண்டைதான் போகுது மேடம்,” என்பார் குமாஸ்தா. எந்த வீட்டு வாசலிலும் ஒரு ஜோக் அடிக்காமல் அவருக்கு இறங்கத் தெரியாது.

வக்கீலம்மா ஒரு விஷயத்தில் மட்டும் வளைந்து கொடுக்க மாட்டார். உயிலில் பெயர் உள்ளவர், கையெழுத்து நேரத்தில் அந்த அறையில் இருக்கக் கூடாது. மகனோ மருமகளோ பக்கத்தில் நின்றால், எழுதுகிறவரின் கை அவர் மனசுப்படி போகாது என்பது அவர் கட்சி. ஒருமுறை திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து நின்ற மருமகனையே கண்டுபிடித்து, வெளியே துரத்திவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தார்.

அன்றைக்கு அது மூன்றாவது வீடு. தரைத்தளம். படுக்கையறை ஜன்னல் வீட்டின் பக்கவாட்டில் இருந்தது. உள்ளே இருந்தவர் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தவர். கணவர் மூன்று வருஷங்களுக்கு முன் தொழிற்சாலை விபத்தில் போய்விட்டார். ஏழு வயதில் ஒரே மகள். இப்போது இவருக்கும் தொற்று. மூச்சு நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. தனக்கு ஏதாவது ஆனால் குழந்தை யாரிடம் போவாள்? அந்த ஒரு கேள்விதான் அவரைத் தூங்கவிடவில்லை.

தங்கை ஒருத்தி இருந்தாள். அவள்தான் குழந்தையோடு வாசல் கேட் பக்கத்தில் தள்ளி நின்றாள். ஆனால் அவளுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. இன்றைக்கோ நாளைக்கோ அவளுக்கும் தொற்றிக்கொள்ளும் என்று அக்காவுக்குப் பயம். அதனால் வீட்டையும் வங்கியையும் பார்த்துக்கொள்ளத் தங்கைக்குப் பவர் பத்திரம் மட்டும். குழந்தைக்குக் காப்பாளராகக் கணவரின் தம்பி. அவன் வேறு ஊரில் நல்ல வேலையில் இருந்தான், சொந்த வீடு, கல்யாணம் ஆகவில்லை. குழந்தை என்றால் அவனுக்கு உயிர். “நான் இருக்கேன் அண்ணி, நீங்க கவலையே படாதீங்க,” என்று போனில் சொல்லியிருந்தான். சொல்லி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதன் பிறகு அவன் போன் அணைந்தே கிடந்தது.

“வேலை நடக்கிற இடத்துல சிக்னல் இருக்காது மேடம். என் கொழுந்தன் எப்பவும் அப்படித்தான்,” என்றார் அந்தப் பெண்.

பகல் இரண்டரை மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. ஜன்னலை ஒரு சாண் மட்டும் திறந்திருந்தார்கள். உள்ளே அந்தப் பெண் ஜன்னலை ஒட்டிய கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் அட்டை, காதில் போன். வெளியே வக்கீலம்மாவின் போன் ஸ்பீக்கரில். குமாஸ்தாவும் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனும் சாட்சிகள். பவர் பத்திரம் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது.

அடுத்தது உயில். வக்கீலம்மா குனிந்து பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். ஜன்னல் இடுக்கில் நீட்டிவிட்டு நிமிர்ந்தார்.

கட்டிலின் கால்மாட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

வக்கீலம்மாவுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. முகக்கவசம்கூட இல்லாமல் நோயாளியின் கட்டிலில் உட்கார என்ன தைரியம்!

“ம்மா, கையெழுத்துப் போடாதீங்க. உள்ள இருக்கிறவர முதல்ல வெளிய போகச் சொல்லுங்க.”

“யாரு மேடம்?”

“கால்மாட்டுல உட்கார்ந்திருக்காரே, அவர்தான்.”

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். நேராக அந்த ஆளின் முகத்தைத்தான் பார்த்தார். “இங்க யாரும் இல்லையே மேடம்.”

இந்த மாதிரி எத்தனையோ பேரை வக்கீலம்மா பார்த்திருக்கிறார். மிரட்டி உட்கார வைத்திருப்பார்கள். கேட்டால் ‘யாரும் இல்லை’ என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவருக்குப் பிடிவாதம் இன்னும் ஏறியது. குமாஸ்தா பக்கம் திரும்பி, “அந்த ஆள் யாருன்னு தங்கச்சிகிட்டக் கேட்டுட்டு வாங்க,” என்றார்.

“எந்த ஆளு மேடம்?”

“கிண்டலுக்கு இதுவா நேரம்?”

“சத்தியமா மேடம். அந்தம்மா மட்டும்தான் இருக்காங்க.”

எலக்ட்ரீஷியனும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அப்போதுதான் போனில் அந்தச் சத்தம் கேட்டது.

ஸ்ஸ்ஸ்… டக். ஸ்ஸ்ஸ்… டக்.

காற்றை இழுத்து நிறுத்துகிற மாதிரி. இதை மட்டும் குமாஸ்தாவும் கேட்டார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“உள்ள ஏதாவது மெஷின் ஓடுதாம்மா?”

“இல்ல மேடம். ஃபேன்கூடப் போடல.”

வக்கீலம்மா மறுபடியும் அந்த ஆளைப் பார்த்தார். இந்த முறை நிதானமாக. காலர் இல்லாத வெளிர் நீலச் சட்டை. காலில் செருப்பு இல்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் மெத்தை கொஞ்சமும் அமுங்கவில்லை. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.



“போட்டுடறேன் மேடம்… எனக்கு முடியல,” என்று அந்தப் பெண் பேனாவைக் காகிதத்தில் வைத்தார்.

அந்த ஆள் எழுந்தார்.

ஸ்ஸ்ஸ்… டக். சத்தம் வேகமாயிற்று.

நடந்து வரவில்லை. கால்மாட்டில் இருந்தவர் தலைமாட்டில் இருந்தார். அவ்வளவுதான். காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

“நிறுத்துங்க!” வக்கீலம்மா கத்திவிட்டார்.

உள்ளே பேனா நின்றது. அந்தப் பெண்ணின் குரல் மெதுவாக வந்தது. “மேடம்… அவர் எப்படி இருக்கார்?”

“அகலமான நெத்தி. தாடி. இடது காது மேல் பக்கம் மடங்கியிருக்கு.”

போனில் ஒரு விசும்பல். “எங்க வீட்டுக்காரர் மேடம். குடும்பத்துல தாடி அவருக்குத்தான். பாப்பாவுக்கும் அதே காது… என்ன பண்றார்?”

“வேண்டாம்ங்கிற மாதிரி தலைய ஆட்டறார். உங்க கொழுந்தன் பேர் மேல கைய வச்சிருக்கார்.”

அந்தப் பெண் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்தார்.

“கடைசி ஒரு வருஷம் அண்ணன் தம்பி பேசிக்கவே இல்ல. ஏன்னு கேட்டா அவர் வாயத் திறக்க மாட்டார். அவன்கிட்ட ஏதோ தப்பு இருந்திருக்கு. அப்படித்தானே மேடம்?”

ஊகத்தை எந்தக் காலத்திலும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதவர் வக்கீலம்மா. அன்றைக்கு, “இருக்கலாம்மா,” என்றார். அந்த ஒரு வார்த்தையை நினைத்து அவர் இன்றுவரை நொந்துகொள்கிறார்.

காகிதம் இடுக்கு வழியாக வெளியே வந்தது. வக்கீலம்மா கொழுந்தன் பெயரை அடித்து, மேலே தங்கை பெயரை எழுதினார். 

எழுதி முடித்தார்.

சத்தம் நின்றது.

நிமிர்ந்தார்.

அந்த ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஒரு சாண் தூரம். நேருக்கு நேர்.

வாய் அசைந்தது. வார்த்தை வரவில்லை.

கண்ணாடியில் மூச்சு படியவில்லை…

வக்கீலம்மா கண்ணை மூடித் திறந்தார். அங்கே யாரும் இல்லை.

திருத்தத்துக்குப் பக்கத்திலும் அடியிலும் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார். சாட்சிகளும் போட்டார்கள். பிறகு அவர் ஜன்னல் இடுக்கில் வாயை வைத்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் குழந்தையைக் கூப்பிட்டார். “பாப்பா, அம்மா சொல்றதக் கேளு. சித்தப்பா வந்தா பேசக் கூடாது. கூப்பிட்டாலும் கதவத் திறக்கக் கூடாது. சித்தப்பா நல்லவர் இல்ல. சரியா?” குழந்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டியது. அம்மா மகளிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்துத் தங்கை போன் செய்தாள். “மேடம், அக்காவோட கொழுந்தன் இறந்துட்டாராம். இப்பத்தான் தெரிஞ்சுது.”

ஆஸ்பத்திரியில் சேரும்போது, காய்ச்சல் மயக்கத்தில், அவசரத்துக்கு அண்ணனின் பழைய நம்பரைக் கொடுத்திருக்கிறான். அதில் யார் எடுப்பார்? ஆபீஸ்காரர்கள் தேடிப் பிடித்துச் சொல்ல இத்தனை நாள் ஆகியிருக்கிறது. வக்கீலம்மா தேதியைக் கேட்டார். ஜன்னலில் கையெழுத்து வாங்கிய அதே நாள். விடியற்காலை நாலரை மணிக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து அடையாளத்துக்காக அனுப்பிய படத்தையும் தங்கை அனுப்பிவைத்தாள். “எனக்கே ஆள் தெரியல மேடம். எப்பவும் மழமழன்னு ஷேவ் பண்ணியிருப்பார். ரெண்டு வாரம் படுக்கையில கிடந்ததுல தாடி வளர்ந்திருக்கு.” பழகிய தங்கைக்கு அடையாளம் தெரியவில்லை. வாழ்நாளில் அவனைச் சந்திக்காத வக்கீலம்மாவுக்குத் தெரிந்தது. அதே மடங்கிய காது, வெளிர் நீலத்தில் அதே ஆஸ்பத்திரிச் சட்டை.

“கடைசி ரெண்டு நாளும் போன் கொடுங்கன்னு கேட்டுட்டே இருந்தாராம் மேடம். மூஞ்சில மூச்சு மெஷின மாட்டியிருந்ததால என்ன சொல்ல வர்றார்னு யாருக்கும் புரியலையாம்.”

வக்கீலம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. என் பெயரைப் போடாதீர்கள், நான் இருக்க மாட்டேன் என்று சொல்ல வந்தவனை, கெட்டவன் என்று தீர்ப்பெழுதிக் குழந்தையின் மனசில் பதிய வைத்தாயிற்று. அண்ணிக்கு இனிமேல் சொல்ல முடியாது. குழந்தைக்காவது சொல்லலாமே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த வீட்டுக்குப் போனார். தங்கை சமையலறையில் இருந்தாள். குழந்தையிடம் சித்தப்பாவின் சாவுச் செய்தியை இன்னும் சொல்லவில்லை, அவளுக்கு மனசு வரவில்லை. கூடத்தில் தரையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தது குழந்தை. வாசல் கதவு தாழிட்டிருந்தது.

வக்கீலம்மாவும் தரையில் உட்கார்ந்தார். “பாப்பா, சித்தப்பாவப் பத்தி அம்மா ஒண்ணு சொன்னாங்கல்ல? அது தப்பும்மா. அம்மா மேல தப்பில்ல, ஆன்ட்டிதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். சித்தப்பா ரொம்ப நல்லவர்.”

குழந்தை நிமிர்ந்தது. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “நெஜமாவா ஆன்ட்டி?”

“நெஜமா.”

“அவர் பாவம் ஆன்ட்டி, நான் பேசவே இல்ல. அவர் டெய்லி சாயங்காலம் வந்து வாசல்ல நிக்கறார். பாப்பா, பாப்பான்னு கூப்பிடறார். அம்மா வேண்டாம்னு சொன்னாங்கன்னு நான் உள்ளயே உட்கார்ந்திருப்பேன்.”

வக்கீலம்மா தாழிட்ட கதவைத் திரும்பிப் பார்த்தார்.

குழந்தை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தது.

“அப்போ இன்னிக்குக் கதவத் திறக்கலாமா?”

வக்கீலம்மா அதன் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.