ஆனிமேரி டீச்சரின் கேஸ் லைட்டு

ஒத்தக்கடையில் ஆனிமேரி டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரமாகச் சாப்பாடு வைக்க இடமில்லை. கழற்றிப் போட்ட பெட்ரோமாக்ஸ் விளக்கு அதை அடைத்துக் கிடந்தது. ஊரார் வாயில் அது கேஸ் லைட்டு. உபதேசியாராக இருந்த அவருடைய அப்பா, சாமியார் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் ஜெபம் சொல்லத் தூக்கிக்கொண்டு நடந்த விளக்கு.

கோவில் நூற்றாண்டுக் கண்காட்சிக்கு அதைக் கேட்டபோது டீச்சர் சந்தோஷமாகத்தான் தலையாட்டினார். விழாக்குழுச் செயலாளர் இம்மானுவேலின் திட்டம் பிறகுதான் தெரிந்தது.

"எண்ணெய்த் தொட்டில ஒரு ஓட்டை, உள்ளாற ஒரு ஒயரு, மேல எல்இடி பல்பு. ஜம்முன்னு எரியும் டீச்சர்."

"தொட்டில ஓட்டை போட்டா அது விளக்கா? உண்டியலு."

"இந்தக் காலத்துல மண்ணெண்ணெய் ஊத்தி யாரு எரிக்கப் போறா?"

"நான் எரிக்கிறேன். திருவிழாப் பூசை முடிஞ்சு எல்லாரும் பாக்க எரியலேன்னா ஓட்டை போட்டுக்கங்க."

சவால் விட்டுவிட்டு வந்தவர் அன்றைக்கே விளக்கைக் கழற்றினார். பம்பின் தோல் வாசர் அப்பளமாகக் காய்ந்திருந்தது. எண்ணெயில் ஊறப்போட்டு இளக்கினார். அடைத்திருந்த நாசிலை ஊசியால் குத்திவிட்டார். மேண்டில்தான் எங்கும் கிடைக்கவில்லை. எரிந்து வெளிச்சம் தருவதே அந்தச் சின்ன வலைப்பைதான். டவுனில் கேட்ட கடையிலெல்லாம் சார்ஜ் லைட்டை எடுத்து நீட்டினார்கள்.

"மேண்டில்தானே, நான் ஆர்டர் போடுறேன்" என்று இம்மானுவேல் பெருந்தன்மையாக ஒரு பார்சலை வரவழைத்துத் தந்தார். பிரித்தால், மாதா சுரூபத்துக்குப் போர்த்தும் நீல வெல்வெட் மேலாடை, ஜரிகையோடு. கோவில் சாமான் கடையில் ஆர்டர் போட்டிருக்கிறார். இங்கிலீஷில் அதற்கும் அதே பெயராம்.

"இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச லட்சணம்" என்று டீச்சர் பல்லைக் கடித்தார்.

கடைசியில் பேரையூரில் பந்தலும் லைட்டும் வாடகைக்கு விடும் விருமாண்டியின் பரணில் இரண்டே இரண்டு கிடந்தன. திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம், கண்காட்சிக் கூடத்தில் ஒன்றைக் கட்டி எரித்துப் பார்த்தார். எரிந்தது. நூல் பொசுங்கி, மேண்டில் வெள்ளைச் சாம்பல் கூடாக நின்றது. எப்போதும் அப்படித்தான், அந்தக் கூடுதான் இனி எரியும், விரல் பட்டால் உதிரும். விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பூசை முடிந்து கூடத்துக்கு வந்தால், விளக்கு பளபளவென்று இருந்தது. பக்கத்தில் டிரில்லிங் மிஷினோடு ஒருவர்.

"கண்ணாடியக் கழட்டித் தொடச்சு வச்சிருக்கேன் டீச்சர்" என்றார் இம்மானுவேல். "உள்ள இம்புட்டு ஒட்டடை."

டீச்சர் குனிந்து பார்த்தார். சாம்பல் கூட்டைக் காணோம். "ஒட்டடையா? ஏம்ப்பா, ஒரு ராத்திரியில எந்தச் சிலந்தி வந்து கட்டுச்சு? கேக்காம கை வைக்கிற புத்தி உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

கூட்டம் கூடிவிட்டது. டீச்சர் மிச்சமிருந்த மேண்டிலைக் கட்டினார். ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றினார். "அடிங்க காத்த" என்றார். புதுச் சட்டை நனைய நனைய இம்மானுவேல் பம்ப் அடித்தார். உஸ்ஸென்று இரைந்து, பட்டப்பகலிலும் கண் கூசுகிற மாதிரி விளக்கு எரிந்தது. மிஷின்காரர் ஒயரைச் சுருட்டினார்.

"சாயந்தரம் வரைக்கும் இங்கயே நிக்கட்டும் டீச்சர். நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்துக்கிட்டது போதும்."

காற்றுத் திருகைத் திறந்து காற்றைப் பிடுங்கி விளக்கை அணைத்துவிட்டார். சூடு ஆறும்வரை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்கருகே உட்கார்ந்தார். ஒருவரையும் கிட்டே விடவில்லை. பிறகு ஆட்டோவுக்குப் போன் போட்டார்.