டேப் ரூம் புளிசாதம்

வானவடியில் எங்கள் வீட்டுப் பக்கம் புதுசாக ஒரு பெரிய கடை வந்திருக்கிறது. பருப்பு வாங்கப் போனால் கண்ணாடிக் கதவு தானாக விலகி, உள்ளேயிருந்து ஏசிக் குளிர் மூஞ்சியில் அடிக்கிறது. அந்தக் குளிருக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த மாதிரி. எனக்கு உடனே நான் வேலை பார்த்த பிம்ப்ரி ஆபீஸ் டேப் ரூம்தான் ஞாபகம் வரும்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்குக் கம்ப்யூட்டர் ஆபீசில் என்ன வேலை என்று கேட்பீர்கள். துடைக்கப் போனவள்தான். பிறகு டேப் அடுக்கச் சொன்னார்கள். தொண்ணூறுகளில் அங்கே பீரோ பீரோவாக ஒரு பெரிய மெஷின். அதன் சாஃப்ட்வேரில் வரும் கோளாறைச் சரிசெய்யும் பேக்கேஜ், உள்ளங்கை அளவு டேப்பில் வரும். முதலில் அதை மெஷினுக்குள் வாங்கி வைப்பார்கள். அப்புறம் போடுவார்கள். சரிப்படவில்லையென்றால் எடுத்துவிடலாம். சில வாரம் ஒழுங்காக ஓடினால்தான் ‘அக்செப்ட்’. அதைக் கொடுத்துவிட்டால் எடுக்கவே முடியாது. வாங்கி வைத்திருந்ததும் அழிந்து இடம் காலியாகிவிடும். வந்த டேப், போட்ட டேப், அக்செப்ட் ஆன டேப் எல்லாம் தனித்தனி ரேக்கில். மாறிப்போகாமல் பார்த்துக்கொள்வது என் பாடு. மிளகாய் டப்பாவையும் புளி டப்பாவையும் பிரித்து வைத்த கைதானே.

அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது. உள்ளேயிருந்து கதவைத் திறக்கவும் கார்டு தேய்க்க வேண்டும். கான்ட்ராக்ட் ஆளான எனக்குக் கார்டு இல்லை. பாத்ரூம் போவதென்றாலும் யாரிடமாவது கேட்கணும். அந்தக் கூச்சத்தில் காலையில் தண்ணீரே குடிக்க மாட்டேன். சிரிக்காதீர்கள்.

என் பெண் செல்வி, தனக்குப் பிடித்த மராட்டிப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்ட வருஷம் அது. ரெண்டு பேரும் நாக்பூர் போவதாக இருந்தது. “ஸ்டேஷன் பக்கம் போனே, வீட்டுக்கு வராதே” என்று அவள் அப்பா என்னிடம் சொல்லிவிட்டார். ஆர்டனன்ஸ் ஃபேக்டரி மனுஷர், சொன்னால் சொன்னதுதான். ரயில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எனக்கு அன்றைக்குக் காலை டியூட்டி. முடித்துக்கொண்டு அவருக்குத் தெரியாமல் அப்படியே ஸ்டேஷன் போய்விடலாம் என்று புளிசாதம் கிளறி எடுத்துப் போனேன். டேப் ரூமில் சாப்பாடு ஆகாது. டப்பாவை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

அன்றைக்குப் பார்த்து மெஷின் எழுந்திருக்கவில்லை. அபர்ணா என்ற இன்ஜினியர் பெண் புது பேக்கேஜ் போட்டிருந்தாள். வாங்கி வைக்கும் இடம் நிரம்பிப் போச்சே, கொஞ்சம் காலியாகட்டும் என்று கையோடு அக்செப்டும் கொடுத்துவிட்டாள். இனி எடுக்க வழியில்லை. பழைய பேக்கப் டேப்புகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். மெஷின் படுத்தால் எழும்வரை யாரும் வெளியே போகக் கூடாது என்பது அங்கே வழக்கம். டேப் எடுத்துக் கொடுத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். மேலதிகாரி ராமநாதன் சார் நம்ம தமிழ் ஆள்தான். பக்கத்தில் போவேன். நிமிர்ந்து, “அடுத்த டேப்பாம்மா?” என்பார். தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். வாயைத் திறந்தால் வீட்டுக் கதை முழுக்கச் சொல்லணுமே.

கடைசியில் பசி தாங்காமல், சட்டத்தையெல்லாம் மறந்து, என் டப்பாவை உள்ளே கொடுக்கச் சொன்னார்கள். ஆளுக்கொரு கை எடுத்தார்கள். அழுது சிவந்த கண்ணோடு அபர்ணாவும் சாப்பிட்டாள். மாவ்ஷி, ஒரு ஆளுக்கு இவ்வளவா என்று இந்தியில் கேலி பண்ணினாள். மாவ்ஷி என்றால் மராட்டியில் சித்தி. அங்கே எனக்கு அதுதான் பேர்.

“பொண்ணுக்குக் கட்டினது. ரயில்ல சாப்பிட,” என்றேன் தமிழில். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“எப்ப ரயில்?” என்றார் சார்.

“போயிருக்கும் சார்.”

அவர் கை பாதியில் நின்றது. “ஏம்மா, அந்த ரூல் எங்களுக்குத்தானே. உங்கள யாரு புடிச்சு வெச்சா?”

எழுந்துபோய்க் கார்டைத் தேய்த்தார். கதவு திறந்தது. எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் அடுத்த டேப்பை எடுக்கத் திரும்பினேன்.

இப்போது பேக்கேஜெல்லாம் ஒயர் வழியாகவே வந்துவிடுகிறதாம். ரேக்கெல்லாம் பழைய இரும்புக்குப் போயாச்சு. செல்வி அப்பாவும் போயாச்சு. அவள் வருகிறாள், போகிறாள். ஊருக்குக் கிளம்பும்போது புளிசாதம் கட்டிக் கொடுத்தால், “அன்னைக்கு ரயில்ல ஜன்னலோரமாதாம்மா உக்காந்திருந்தேன்” என்பாள்.

கார்டு தேய்க்கிற வேலையே இல்லை இங்கே. முன்னால் போய் நின்றாலே கடைக் கதவு திறந்துகொள்கிறது. நான்தான், யாராவது முதலில் போகட்டும் என்று இன்னும் ஓரமாக நிற்கிறேன்.