முன்பெட்டியில் இருந்த கறுப்புப் பிளக்

சின்னவளுக்கு எதையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. கடையிலிருந்து வந்த புது பேட்டரியைக்கூட மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கையில் எடுப்பாள். அதற்கும் முன்னால் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, மீட்டர் ஒழுங்காகப் பேசுகிறதா என்று பார்ப்பாள். சின்ன வயதில் "இஸ்திரிப் பெட்டி சுடும், கிட்ட வராதே" என்று அக்கா சொன்னதை நம்பாமல் தொட்டுப் பார்த்தவள். அந்தத் தழும்பு இன்னும் ஆள்காட்டி விரலில் இருக்கிறது.

பெரியவள் இதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் படகுகளுக்குக் கூரைத்துணி தைக்க வந்தவள் அவள். நூல் ஒரு இழை கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். "ரெண்டு பேரும் ஒரே அச்சு. ஒருத்தி துணியில, ஒருத்தி வயர்ல" என்று படகுத்துறையில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்காத மாதிரி நடந்து, நன்றாகக் கேட்டுக்கொள்வாள் பெரியவள்.

படகுக் கருவிகளுக்கு வயர் இழுக்கும் பட்டறை ஒன்றில் பார்த்த வேலையை விட்டு, சின்னவள் தனியாக எடுத்த முதல் வேலை, 'பூதக்கண்ணாடி'யின் மீன்பிடிப் படகு. அந்த ஆள் பேரம் பேசிய கயிற்றையும் முழம் போட்டுப் பார்ப்பார், வாங்கிய டீசலையும் முகர்ந்து பார்ப்பார். அதனால் வந்த பேர் அது. கடல் எவ்வளவு ஆழம் என்பது அவருக்கு ஓட்டும் அறையில் இருந்த திரையில் மட்டும்தான் தெரிந்தது. வலை இழுக்கும்போது நிற்பதோ பின்தளத்தில். அங்கேயும் ஒரு சின்னத் திரை வேண்டும் என்று சின்னவளைக் கூப்பிட்டார். அந்தத் திரைக்கு மழை மறைப்புத் தைக்கும் வேலை பெரியவளுக்கு.

"இதப் பாரும்மா," என்றார் அவள் படகில் ஏறியதுமே. "நாளைக்கு விடிஞ்சதும் நான் கிளம்பணும். முகத்துவாரத்துல மணல் திட்டு. ஆழம் சரியாத் தெரியணும். இல்லன்னா எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு, இந்தத் துறையில ஒரு படகும் உன்னை ஏத்தாம பண்ணிடுவேன்."

சொன்னால் செய்கிற ஆள்தான். சின்னவள் தலையை மட்டும் ஆட்டினாள். வேலை நேரத்தில் அவள் வாயிலிருந்து வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற கதை.

வேலை சுலபம்தான். படகின் முன்பெட்டியிலிருந்து ஓட்டும் அறை வரைக்கும் ஒரு மெயின் கேபிள் போகிறது. ஆழம் பார்க்கிற கருவி, இடம் காட்டுகிற கருவி, எஞ்சின் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. அந்தக் கேபிளைப் பின்தளம் வரைக்கும் நீட்டி, நடுவில் ஒரு மூவழி இணைப்பு வைத்து, அதிலிருந்து புதுத் திரைக்கு ஒரு வயர் கொடுக்க வேண்டும்.

பூதக்கண்ணாடி தோளுக்குப் பின்னாலேயே நின்றார்.

"ஏம்மா, இதுக்குத் தெரிஞ்சது எல்லாம் அந்தத் திரைக்கும் தெரிஞ்சிடுமா?"

"ஆமாண்ணே. ஒரே கேபிள். ஒண்ணு சொல்றதை எல்லாமே கேக்கும்."

"நான் மீன் பிடிக்கிற இடம் கூடவா?"

"இடமும் அதுலதான் போகுது."

அவர் முகம் போன போக்கைப் பெரியவள் கவனித்தாள். வேலையைக் கெடுக்க ஏதோ வழி பார்க்கிறார் என்று நினைத்தாள்.

உச்சிப்பொழுதுக்குள் திரை எரிந்தது. ஆழம் பளிச்சென்று தெரிந்தது. பெரியவள் மறைப்பின் சட்டத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கினாள். பிறகு இருவரும் கரைக்கு இறங்கிச் சாப்பிடப் போனார்கள். படகில் அவர் மட்டும் இருந்தார்.

திரும்பி வந்தபோது திரையில் வெறும் கோடுகள். நடுநடுவே ஒரு எண் எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. ஓட்டும் அறைத் திரையும் அதே கூத்து.

"காலையில காட்டினது இப்ப எங்க போச்சு?" என்று குதித்தார் பூதக்கண்ணாடி. "பழைய சாமானைத் தலையில கட்டிட்டீங்களா? ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டமா?"

"நாங்க சாப்பிடப் போனப்ப இங்க இருந்தது யாரு?" என்றாள் பெரியவள்.

"என் படகுல நான் இருக்கக் கூடாதா?"

சின்னவள் அவரைப் பார்க்கவில்லை. மறைப்புச் சட்டத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, கேபிள் போற பக்கம் ஸ்க்ரூ இறக்கினியா?"

பெரியவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. அதுவும் அந்த ஆள் எதிரிலா? உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினாள். கழற்றும்போதுதான் அவளுக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை இறக்கியிருந்தால்? தங்கச்சியின் முதல் வேலை தன் கையாலேயே போய்விடுமோ? ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். கேபிள் ஒரு விரல் தள்ளித்தான் இருந்தது. ஆனாலும் நிம்மதி வரவில்லை.

சின்னவள் அதற்குள் கரண்ட்டை நிறுத்திவிட்டு, கேபிளில் ஒரு இணைப்பைக் கழற்றி, தகவல் போகும் இரண்டு கம்பிகளிலும் மீட்டரை வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். மீட்டர் முனைகளைத் தொட்டுச் சோதித்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"நூத்தியிருபது ஓம்," என்றாள். "அக்கா, உன் ஸ்க்ரூ இல்ல. அது ஏறி கம்பி ரெண்டும் ஒட்டியிருந்தா பூஜ்யத்துக்குப் பக்கம் வந்திருக்கும்."

"அப்புறம் என்ன?"

"கேபிளோட ரெண்டு கடைசியிலயும் ஒரு பிளக் இருக்கணும். ரெண்டும் இருந்தா அறுபது வரும். ஒண்ணு இல்லன்னா நூத்தியிருபது. பின்னாடி இருக்கிறது நான் போட்டது, இப்பத்தான் பார்த்தேன், இருக்கு. முன்பெட்டியில பழையது ஒண்ணு இருக்கணும்."

விடுவிடுவென்று படகின் முனைக்குப் போய் முன்பெட்டியைத் திறந்தாள். கேபிளின் வாய் வெறுமனே திறந்து கிடந்தது.

பெரியவளின் கண் நேராகப் பூதக்கண்ணாடியின் சட்டைப் பைக்குப் போனது. தையல்காரிக்குத் துணி எங்கே தொங்குகிறது, எங்கே புடைக்கிறது என்று சொல்லித் தரவா வேண்டும்? காலையில் தட்டையாக இருந்த பை அது.

"அண்ணே, பையில என்ன?"

அவர் பையைப் பொத்திக்கொண்டார். பொத்திய பிறகு மறைக்க என்ன இருக்கிறது? கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புப் பிளக்கை எடுத்து நீட்டினார்.

"வயரே இல்லாத பிளக்கு! எதுக்கு அங்க மாட்டியிருக்கு? நான் வலை போடுற இடத்தை மத்த படகுக்குச் சொல்லிக் குடுக்கிற சாமான்னு நெனச்சேன். நீங்க வர்றதுக்குள்ள கழட்டிட்டேன்."

"யாருக்கும் சொல்லாதுண்ணே," என்றாள் சின்னவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "கேபிள்ல போற பேச்சு முட்டித் திரும்பி வந்து குழப்பாம இருக்கத்தான் அது. எதுவும் படகை விட்டு வெளிய போகாது."

"அப்ப ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல."

"கேட்டா மட்டும் நம்பியிருப்பீங்களா?" என்றாள் பெரியவள்.

சின்னவள் பிளக்கைத் திருகி மாட்டி, மறுபடி அளந்தாள். அறுபது. கரண்ட்டைக் கொடுத்ததும் இரண்டு திரைகளிலும் ஒரே ஆழம் வந்து ஆடாமல் நின்றது. பூதக்கண்ணாடி அதையும் விடவில்லை. கயிற்றில் ஈயக்குண்டு கட்டிக் கடலில் இறக்கி, முழம் போட்டார்.

"ஒரு முழம் குறைச்சுக் காட்டுது!"

"கருவி படகுக்கு அடியில, தண்ணி மட்டத்துக்கு ஒரு முழம் கீழ இருக்கு. அங்கிருந்து எண்ணுது. தண்ணி மட்டத்துலேர்ந்து காட்டணுமா?"

"வேணாம், வேணாம். அப்படியே இருக்கட்டும்," என்று கயிற்றைச் சுருட்டினார். ஆழத்தைக் குறைத்தே சொல்லி எச்சரிக்கையாக இருக்கும் கருவியை அவருக்குப் பிடித்துப்போனது.

சாமான்களைக் கட்டும்போது சின்னவள் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கோவமாக்கா?"

"பின்னே? என் ஸ்க்ரூவையே சந்தேகப்பட்டியே."

"யாரையும் விட்டுட்டுப் பார்க்க முடியாதுல்ல."

"நானே சந்தேகப்பட்டுட்டுத்தான் கழட்டினேன்," என்றாள் பெரியவள். "நீ கேக்காம விட்டிருந்தாத்தான் கோவப்பட்டிருப்பேன்."

மறுநாள் படகு மணல் திட்டைத் தாண்டிப் போய் மாலையில் திரும்பியது. பூதக்கண்ணாடி முன்பெட்டிக்கு ஒரு புதுப் பூட்டுப் போட்டிருந்தார். இரண்டு சாவியில் ஒன்றைச் சின்னவளிடம் கொடுத்தார். அவர் சாவி கொடுத்ததை அந்தத் துறை பார்த்ததே இல்லை. பக்கத்துப் படகுக்காரர் அப்போதே, "இந்தப் பக்கமும் கொஞ்சம் வந்து பார்த்துட்டுப் போம்மா" என்று கையைக் காட்டினார்.

"பத்திரம்," என்று குரலைத் தாழ்த்தினார் பூதக்கண்ணாடி. "உங்க அக்காகிட்டகூடக் குடுத்துடாத."

பெரியவள் அடுத்த படகுக்கு நடக்கும் வழியில், தங்கச்சியின் பையைத் திறந்து, சாவி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.